மனதுக்கு நெருக்கமான தொடர் புதிய கைகளுக்குப் போகும்போது: டேர்டெவில் வழியாக ஒரு வாசிப்பு வழிகாட்டி

ஒரே நாயகனின் கதையைப் பல பத்தாண்டுகளாக மாதந்தோறும் சொல்லிவரும் அமெரிக்க சூப்பர்ஹீரோ காமிக்ஸில் எழுத்தாளரும் ஓவியரும் மாறுவது இயல்பான நடைமுறை. நாயகனின் உரிமை பதிப்பகத்திடம் இருக்கிறது. அவனை எழுதுபவர்களும் வரைபவர்களும் சில ஆண்டுகள் அவனோடு இருந்துவிட்டு அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறார்கள். ஆனாலும் மனதுக்குப் பிடித்த ஒரு குழு விலகுகிறது என்ற அறிவிப்பு வரும்போது வாசகருக்கு ஏற்படும் கலக்கம் உண்மையானது. நான்கைந்து ஆண்டுகள் மாதம் தவறாமல் கேட்ட குரல் நின்றுபோக, அதே பெயரைத் தாங்கிய அட்டைக்குள் வேறொரு குரல் பேசத் தொடங்குகிறது. அப்போது தொடரை விடுவதா, தொடர்வதா, தொடர்ந்தால் எதை வைத்து மதிப்பிடுவது என்ற கேள்விகளுக்கு விடை காண உதவும் ஒரு வாசிப்பு முறையை இங்கே விளக்குகிறேன். புதிய குழு பழைய குழுவைப்போல இருக்கிறதா என்று தேடுவதால் பயன் ஏதுமில்லை என்பதும், பெற்றுக்கொண்ட கதையை அது என்ன செய்கிறது என்று கவனிப்பதே நியாயமான அளவுகோல் என்பதும் என் உறுதியான கருத்து.

எடுத்துக்காட்டுகளைப் பெரும்பாலும் மார்வெல் பதிப்பகத்தின் டேர்டெவில் தொடரிலிருந்தே எடுத்துக்கொள்கிறேன். பார்வையிழந்த வழக்கறிஞனான மாட் மர்டாக் நியூயார்க் நகரின் ஹெல்ஸ் கிச்சன் பகுதியில் இரவு நேரங்களில் முகமூடி அணிந்து குற்றவாளிகளை எதிர்கொள்கிறான் என்பதே அதன் அடிப்படை. ஸ்டான் லீயும் பில் எவரெட்டும் 1964இல் தொடங்கிய இத்தொடரில், எவரெட் வரைந்தது முதல் இதழை மட்டுமே. அவரைத் தொடர்ந்து ஜோ ஆர்லாண்டோ, வாலி வுட், ஜான் ரொமீட்டா, ஜீன் கோலன் என்று 20ஆம் இதழுக்குள் ஓவியர்கள் அடுத்தடுத்து மாறிவிட்டார்கள். இன்று நாயகனின் அடையாளமாக எல்லோரும் அறிந்திருக்கும் சிவப்பு உடையும் எவரெட் தந்ததன்று; மஞ்சள் மேலோங்கிய உடையில் அறிமுகமானவனுக்கு 7ஆம் இதழில் வாலி வுட்தான் சிவப்பு உடையை அணிவித்தார். மூல வடிவம் என்று நாம் காக்கத் துடிப்பவற்றில் பெரும்பகுதி இப்படி இரண்டாவது, மூன்றாவது கைகள் சேர்த்தது என்பதை வாசிக்கத் தொடங்கும் முன்பே மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது.

விலகும் குழுவின் கடைசிக் கதையிலிருந்து தொடங்குங்கள்

புதிய குழுவின் முதல் இதழ் கைக்கு வரும் முன்பு, பழைய குழுவின் கடைசிக் கதையை முழுவதுமாக ஒருமுறை திரும்ப வாசியுங்கள். பிரிவின் துயரத்தோடு முதல் முறை வாசித்தபோது கவனத்திலிருந்து நழுவிய பலவும் இரண்டாம் முறை தெரியவரும். நாயகன் எந்த இடத்தில், எந்த நிலையில் விடப்பட்டிருக்கிறான். அவனுடைய ரகசியம் யார் யாருக்குத் தெரியும். எந்த உறவு முறிந்து கிடக்கிறது. எந்த எதிரியின் கணக்கு இன்னும் தீரவில்லை. இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால், அடுத்து வருபவர்கள் எதைக் கையில் எடுக்கிறார்கள், எதைத் தள்ளி வைக்கிறார்கள் என்பதைப் பின்னர் எளிதில் பார்க்க முடியும்.

இந்தப் பழக்கத்தின் பயனை டேர்டெவில் தொடரைவிடத் தெளிவாகக் காட்டும் தொடர் எனக்குத் தெரிந்து வேறில்லை. பிரையன் மைக்கேல் பெண்டிஸ் எழுத, அலெக்ஸ் மாலீவ் வரைந்த காலகட்டம் 2001இல் தொடங்கி 2006 வரை நீடித்தது. மாட் மர்டாக்தான் டேர்டெவில் என்று ஒரு செய்தித்தாள் அம்பலப்படுத்துவதும், அதை அவன் நீதிமன்றத்திலும் ஊடகங்களிலும் மறுத்துக்கொண்டே வாழ வேண்டியிருப்பதும் அந்த ஆண்டுகளின் மையம். வேறொரு குழுவாக இருந்தால் விலகும்போது அந்தச் சிக்கலை அவிழ்த்து, பொம்மைகளை அலமாரியில் திரும்ப அடுக்கிவிட்டுப் போயிருக்கும். பெண்டிஸும் மாலீவும், 1998இல் மறுபடியும் 1 என்று எண்ணிடத் தொடங்கிய வரிசையின் 81ஆம் இதழில் நாயகனைச் சிறைக்கு அனுப்பிவிட்டு விலகினார்கள். 82ஆம் இதழில் பொறுப்பேற்ற எட் புரூபேக்கரும் மைக்கேல் லார்க்கும் அந்தச் சிறை அறைக்குள்ளிருந்தே தொடங்கினார்கள். தான் பிடித்துக் கொடுத்த குற்றவாளிகள் சூழ ஒரு பார்வையற்ற வழக்கறிஞன் உள்ளே அடைபட்டிருக்க, வெளியே தெருக்களில் வேறு யாரோ டேர்டெவில் உடையில் நடமாடுகிறார் என்ற சூழ்நிலை, முந்தைய குழு விட்டுச்சென்ற முடிச்சு இல்லாமல் பிறந்திருக்கவே முடியாது.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், புரூபேக்கர் பெண்டிஸைப் போல எழுதவில்லை. பெண்டிஸின் பாத்திரங்கள் ஒருவரையொருவர் இடைமறித்து நிறையப் பேசுவார்கள். காட்சிகள் உரையாடலாலேயே நகரும். புரூபேக்கரின் கதை குற்றப் புதினத்தின் இறுக்கத்தோடு, நாயகனின் உள்மனக் குரலை முன்னிறுத்திச் செல்கிறது. குரல் மாறியது, பொறுப்பு மாறவில்லை. நல்ல கைமாற்றத்துக்கு இதைவிடச் சிறந்த சான்றை நான் தேடியதில்லை. 2009இல், பழைய எண் கணக்குக்குத் திரும்பிய 500ஆம் இதழோடு விலகியபோது புரூபேக்கரும் தன் பங்குக்கு நாயகனைத் தி ஹேண்ட் என்ற நிஞ்ஜா கூட்டத்தின் தலைவனாக்கி, அடுத்து வந்த ஆண்டி டிகிளிடம் ஒப்படைத்தார்.

யார் போகிறார், யார் இருக்கிறார்

குழு மாறுகிறது என்ற அறிவிப்பில் எழுத்தாளரின் பெயரே பெரிதாக இருக்கும். ஒரு காமிக்ஸ் இதழை உருவாக்குபவர்கள் அதைவிட அதிகம்: எழுத்தாளர், பென்சிலில் வரைபவர், அதன் மேல் மை தீட்டுபவர், வண்ணக் கலைஞர், வசனங்களையும் ஒலிக்குறிகளையும் பொறிக்கும் லெட்டரர், இவர்களை ஒருங்கிணைக்கும் எடிட்டர். பழைய இதழின் முதல் பக்கத்தில் இருக்கும் பெயர்ப் பட்டியலையும் புதிய இதழின் பட்டியலையும் அருகருகே வைத்துப் பாருங்கள். உங்களை ஈர்த்தது உண்மையில் யாருடைய கைவண்ணம் என்பது அப்போது தெரியவரும்; அவர் விலகாமலே கூட இருக்கலாம்.

ஃபிராங்க் மில்லரின் பெயரோடு டேர்டெவிலைச் சேர்த்தே பேசுவது வழக்கம். அவர் 1979இல் 158ஆம் இதழில் இத்தொடருக்கு வந்தபோது ஓவியராக மட்டுமே வந்தார். எழுதியவர் ரோஜர் மெக்கென்சி. இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்த இதழ் அது. 1981 தொடக்கத்தில் 168ஆம் இதழிலிருந்து மில்லர் எழுத்தையும் ஏற்றுக்கொண்டார். அதே ஆண்டில் தொடர் மாத இதழானது. ஆக, புகழ்பெற்ற அந்தக் காலகட்டம் ஒரே நாளில் பிறந்த ஒன்றன்று. முதலில் படம் மாறியது, பின்னர் கதை மாறியது, இரண்டுக்கும் நடுவே மை தீட்டிய கிளாஸ் ஜான்சனின் கரடுமுரடான கோடுகள் பாலமாக நின்றன. மில்லர் போகப்போகப் பென்சில் வேலையைக் குறைத்துக்கொண்டு பெரும்பகுதியை ஜான்சனிடமே விட்டார். அந்தப் பக்கங்களில் மழையும் நிழலும் தரும் உணர்வில் ஜான்சனுக்குரிய பங்கைப் பலரும் மறந்துவிடுகிறார்கள் என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

டிசி பதிப்பகத்தின் ஸ்வாம்ப் திங் தொடரை ஆலன் மூர் 1984இல் ஏற்றதையும் இப்படிப் பார்க்கலாம். எழுத்தாளர் மாறினாரே தவிர, ஸ்டீஃபன் பிஸெட்டும் ஜான் டோட்டில்பென்னும் அவருக்கு முன்பே அத்தொடரில் வரைந்துகொண்டிருந்தவர்கள்; மூரை அழைத்து வந்தவர் அப்போதைய எடிட்டர் லென் வெய்ன், அந்தப் பாத்திரத்தைப் பெர்னி ரைட்சனோடு சேர்ந்து உருவாக்கியவர். முழுப் புதுமை என்று கொண்டாடப்படும் அந்த மாற்றத்தின் அடித்தளத்தில் இவ்வளவு தொடர்ச்சி இருந்தது.

தமிழில் காமிக்ஸ் வாசித்து வளர்ந்தவர்கள் பெயர் தெரியாமலே இத்தகைய மாற்றங்களைக் கடந்து வந்திருக்கிறார்கள். 1972இல் முத்து காமிக்ஸின் முதல் வெளியீடாக வந்த இரும்புக்கை மாயாவி, பிரிட்டனின் வேலியன்ட் வார இதழில் 1962இல் தொடங்கிய ஸ்டீல் க்ளா தொடரின் தமிழ் வடிவம். கென் புல்மர் தொடங்கிய அக்கதையை டாம் டல்லி ஏற்று நடத்தினார். குற்றம் செய்பவனாக அறிமுகமான நாயகன் பின்னர் ரகசியப் படையின் உளவாளியானான். ஹெசூஸ் பிளாஸ்கோவின் ஓவியம் அந்த மாற்றத்துக்கு நடுவிலும் தொடர்ந்ததால், இரும்புக் கையின் நடமாட்டமும் முகங்களின் கூர்மையும் நமக்கு ஒன்றாகவே நினைவில் நிற்கின்றன. எழுத்தாளர் மாறினாலும் ஓவியர் தங்கினால் வாசகர் அந்த மாற்றத்தை எவ்வளவு எளிதாக ஏற்றுக்கொள்கிறார் என்பதற்கு நம் சொந்த வாசிப்பு அனுபவமே சான்று.

முதல் இதழை இரண்டு முறை வாசியுங்கள்

முதல் முறை கதைக்காக வாசிக்கலாம். இரண்டாம் முறை வசனங்களை ஒதுக்கிவிட்டு, கட்டங்களின் அமைப்பையும் வண்ணத்தையும் மட்டும் பாருங்கள். மார்க் வெய்ட் எழுத, பாவ்லோ ரிவேராவும் மார்கோஸ் மார்ட்டினும் வரைந்து 2011இல் தொடங்கிய டேர்டெவிலை இப்படிப் பார்த்தால்தான் அதன் முழு நோக்கமும் விளங்கும். பல ஆண்டுகள் இருட்டிலேயே நடமாடிய நாயகன், அந்த முதல் இதழில் ஒரு மாஃபியா குடும்பத்தின் திருமண விழாவுக்குள் புன்னகையோடு நுழைகிறான். அட்டையைப் பாருங்கள்: அவனைச் சுற்றியுள்ள நகரம் ஒலிக்குறிச் சொற்களாலேயே வரையப்பட்டிருக்கிறது; பார்வையில்லாதவன் உலகை ஒலியால் அறிகிறான் என்பதை ஒரே படத்தில் சொல்லிவிடுகிறார் ரிவேரா. அவருடைய பென்சிலுக்கு மை தீட்டியவர் அவருடைய தந்தை ஜோ ரிவேரா. ஹாவியர் ரோட்ரிகேஸின் பளிச்சென்ற வண்ணங்கள், இது வேறொரு காலைப்பொழுது என்பதை ஒரு வசனமும் இல்லாமலே அறிவிக்கின்றன.

இந்தத் திருப்பத்தால் அதிர்ந்த வாசகர்களும் இருந்தார்கள். அவர்களுடைய தயக்கம் எனக்குப் புரிகிறது. அவ்வளவு துன்பத்தைச் சுமந்தவன் எப்படி ஒரே மாதத்தில் சிரிக்கத் தொடங்கினான்? கதையே அந்தக் கேள்வியை மறக்கவில்லை என்பதுதான் வெய்ட்டின் நேர்மை. நண்பனான ஃபாகி நெல்சன் அந்தச் சிரிப்பைச் சந்தேகத்தோடுதான் பார்க்கிறான். இனி இப்படித்தான் வாழப்போகிறேன் என்று மாட் எடுத்த முடிவு அது என்பதும், அடியில் மனச்சோர்வு நீங்காமல் இருக்கிறது என்பதும் பின்வரும் ஆண்டுகளில் படிப்படியாக வெளிப்படுகின்றன. 2012இல் இத்தொடர் காமிக்ஸ் துறையின் ஐஸ்னர் விருதுகளில் சிறந்த தொடர் இதழுக்கான விருதைப் பெற்றது. அதே ஆண்டில் வெய்ட்டுக்குச் சிறந்த எழுத்தாளர் விருதும் கிடைத்தது. அந்த ஆண்டில் ஓவியராகச் சேர்ந்த கிறிஸ் சாம்னி 2015 வரை உடன் இருந்தார். சாம்னியின் பக்கங்களில் ஒரு கோடுகூட வீணாக இழுக்கப்பட்டிருக்காது. எழுத்தாளரும் ஓவியரும் கதையைச் சேர்ந்தே சொல்கிறார்கள் என்ற உணர்வு அந்த ஆண்டுகளில் முழுமையாகக் கிடைக்கிறது.

முதல் இதழில் விதைக்கப்படுவதையும் குறித்துக்கொள்ளுங்கள். வால்ட் சைமன்சன் 1983இல் 337ஆம் இதழிலிருந்து தோர் தொடரை எழுதி வரையத் தொடங்கியபோது, யாரோ ஓர் உருவம் எங்கோ ஓர் உலையில் ஆயுதம் வார்க்கும் காட்சியையும், லெட்டரர் ஜான் வொர்க்மன் பொறித்த பெரும் ஒலிக்குறியையும் அந்த முதல் இதழிலேயே வைத்தார். அடுத்தடுத்த இதழ்களில் அந்தச் சம்மட்டி ஓசை திரும்பத் திரும்ப ஒலித்தது. அது சர்ட்டர் என்ற தீ அரக்கனின் வேலை என்பதும், அவன் எதற்காக வாள் வார்க்கிறான் என்பதும் ஏறக்குறைய ஓராண்டு கழித்தே முழுமையாக வெளிப்பட்டன. காத்திருக்க வைக்கும் துணிவு ஒரு குழுவுக்கு இருக்கிறதா என்பதை இத்தகைய விதைகள்தான் காட்டும்.

எத்தனை இதழ் வரை பொறுப்பது

என் பரிந்துரை முதல் கதை முடியும் வரை, அதாவது ஏறக்குறைய ஐந்து அல்லது ஆறு இதழ்கள். அவ்வளவு இதழ்களைத்தான் பதிப்பகங்கள் பெரும்பாலும் ஒரு தொகுப்பு நூலாக வெளியிடுகின்றன; எழுத்தாளர்களும் அந்த அளவை மனத்தில் வைத்தே கதையைக் கட்டுகிறார்கள். இன்னொரு காரணமும் உண்டு. இதழ்களின் விவரம் ஏறத்தாழ மூன்று மாதங்களுக்கு முன்பே கடைக்காரர்களுக்கு அறிவிக்கப்படுகிறது. முதல் இதழ் கடைக்கு வரும்போது அடுத்த சில இதழ்களின் கதை எழுதப்பட்டு, படங்களும் நடந்துகொண்டிருக்கும். ஆகவே முதல் இதழில் வாசகர்கள் கண்ட குறையைக் குழு ஏற்றுக்கொண்டதா என்பது நான்காவது, ஐந்தாவது இதழுக்கு முன்பு தெரிய வாய்ப்பே இல்லை.

சிப் ஸ்டார்ஸ்கியும் மார்கோ கெக்கெட்டோவும் 2019இல் தொடங்கிய காலகட்டத்தை முதல் இதழோடு நிறுத்தியிருந்தால் நான் பெரிதும் இழந்திருப்பேன். மாட் அடித்த ஓர் அடியில் ஒரு திருடன் இறந்துபோகிறான் என்பது அதன் தொடக்கம். அதிர்ச்சிக்காகச் செய்யப்பட்ட ஒன்று என்றே அப்போது தோன்றலாம். முதல் கதையின் முடிவில் மாட் முகமூடியைக் கழற்றி வைக்கும்போதும், பின்னர் டேர்டெவிலாகவே அந்த மரணத்துக்குத் தண்டனை ஏற்கும்போதும்தான், சட்டத்தை நம்பும் ஒருவன் தன் கையால் நிகழ்ந்த சாவுக்கு யாரிடம் பதில் சொல்வான் என்ற கேள்விதான் மொத்தக் கதையும் என்பது விளங்குகிறது.

எண்ணிடுதல் குறித்து ஓர் எச்சரிக்கை. புதிய குழு வரும்போது இதழ் எண்ணை மறுபடியும் 1 என்று தொடங்குவது இன்றைய வழக்கம். டேர்டெவில் மட்டும் 1964, 1998, 2011, 2014, 2015, 2019, 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் முதல் இதழ் கண்டிருக்கிறது. நடுவில் 2009இல் பழைய கணக்குக்குத் திரும்பி 500ஆம் இதழும் வந்தது. 2014இலும் 2022இலும் எழுத்தாளர் மாறவே இல்லை. எனவே அட்டையில் 1 என்று இருப்பதைக் கைமாற்றத்தின் அறிகுறியாகக் கொள்ளாமல், உள்ளே இருக்கும் பெயர்களைப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

மாற்றம் எங்கிருந்து முளைக்கிறது

மதிப்பீட்டின் மையம் இதுவே. புதிய குழு எதையாவது மாற்றித்தான் தீரும். அந்த மாற்றம் ஏற்கெனவே கதைக்குள் இருந்த ஒன்றிலிருந்து முளைக்கிறதா, வெளியிலிருந்து ஒட்டப்பட்டதா என்று கேளுங்கள்.

தோரின் சுத்தியலைத் தகுதி உள்ளவர் எவர் ஏந்தினாலும் தோரின் ஆற்றலைப் பெறுவார் என்ற வாசகம் 1962இல் வந்த முதல் கதையிலேயே இருக்கிறது. அதே வாசகத்தைச் சைமன்சன் அப்படியே நம்பினார். குதிரை முகம் கொண்ட பீட்டா ரே பில் என்ற வேற்றுக்கிரகவாசியின் கையில் அந்தச் சுத்தியலைக் கொடுத்தார். வாசகர் இதுவரை கண்டிராத காட்சி அது, ஆனால் தொடரின் முதல் விதியை மீறாத காட்சி. ஒரு புதிய குழுவிடம் நான் எதிர்பார்க்கும் உச்சம் இதுதான். மில்லரும் கிங்பினை இப்படித்தான் கொண்டுவந்தார். 1967இல் ஸ்பைடர்மேன் கதையில் அறிமுகமான அந்த வில்லன், தன் அறிவாலும் பணத்தாலும் நகரத்தையே விலைக்கு வாங்கக்கூடியவன். சட்டத்தை வாழ்வாகக் கொண்ட மாட் மர்டாக்குக்கு எதிரில் நிறுத்தியபோதுதான் அவனுடைய பயங்கரம் முழு அளவில் வெளிப்பட்டது. இன்று கிங்பினை டேர்டெவிலின் எதிரி என்றே பலரும் நினைக்கிறார்கள்.

எலெக்ட்ராவின் நிலை சற்று வேறு. கல்லூரிக் காலத்தில் மாட் உயிருக்குயிராக நேசித்த பெண் என்று 168ஆம் இதழில் அவளை மில்லர் அறிமுகப்படுத்துகிறார். அதற்கு முந்தைய 167 இதழ்களில் அவளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கண்டிப்பாகப் பார்த்தால் இது வெளியிலிருந்து சேர்த்ததுதான். ஆனால் தந்தையைப் பறிகொடுத்த இருவரில் ஒருவன் சட்டத்தின் பக்கமும் மற்றவள் கொலைத் தொழிலின் பக்கமும் போனார்கள் என்ற அமைப்பு, மாட்டின் வாழ்வில் முன்பே இருந்த வெற்றிடத்தில் பொருந்திவிடுகிறது. 1982இல் 181ஆம் இதழில் புல்ஸ்ஐ என்ற கொலையாளியின் கையால் அவள் இறக்கும்போது, அவளைத் தொடக்கத்திலிருந்தே அறிந்ததுபோல வாசகர் கலங்குகிறார். ஆகவே புதிதாகச் சேர்த்தது என்பதற்காகவே எதையும் தள்ளிவிட வேண்டாம். அது நாயகனைப் பற்றி நாம் முன்பு அறியாத எதையாவது சொல்கிறதா என்று பாருங்கள்.

ஆலன் மூர் ஸ்வாம்ப் திங் தொடரின் 20ஆம் இதழில் முந்தைய எழுத்தாளர் விட்டுச்சென்ற கதையிழைகளை எல்லாம் முடித்து வைத்துவிட்டு, 21ஆம் இதழில்தான் தன் கதையைத் தொடங்கினார். சதுப்பு நிலத்துப் பூதமாக மாறிவிட்டதாக எண்ணப்பட்ட அலெக் ஹாலண்ட் என்ற அறிவியலாளர் உண்மையில் இறந்துவிட்டார், இருப்பது தன்னை அவராக எண்ணிக்கொண்ட தாவரம் மட்டுமே என்ற அந்த வெளிப்பாடு பழைய கதைகள் அத்தனையையும் புரட்டிப் போடுகிறது. ஆனாலும் அவற்றில் ஒன்றைக்கூட அது பொய்யாக்கவில்லை. நடந்தவை எல்லாம் நடந்தவையே, அவற்றின் பொருள்தான் மாறிற்று. பழைய இதழ்களைத் திரும்ப வாசிக்கத் தூண்டுகிற மாற்றத்தையும், அவற்றை வாசித்ததே வீண் என்று எண்ண வைக்கிற மாற்றத்தையும் பிரித்தறிய இதைவிட நல்ல பாடம் இல்லை.

தெளிவாகத் தீர்ப்புச் சொல்ல முடியாத இடங்களும் உண்டு. வெய்ட்டும் சாம்னியும் விலகியபோது மாட்டின் ரகசியம் உலகறிந்ததாகியிருந்தது. அவன் சான் பிரான்சிஸ்கோவில் வெளிப்படையாக வாழ்ந்துகொண்டிருந்தான். 2015 இறுதியில் சார்லஸ் சூல் எழுதி ரான் கார்னி வரைந்த புதிய தொடர் தொடங்கும்போது, அவன் நியூயார்க்கில் அரசு வழக்கறிஞனாக இருக்கிறான். அவன் யார் என்பது மறுபடியும் ரகசியமாகியிருக்கிறது. எப்படி என்ற விளக்கம் 17ஆம் இதழிலிருந்து தொடங்கும் கதையில்தான் வருகிறது. இவ்வளவு காலம் காக்க வைத்தது நியாயமா என்று இன்றும் எனக்குத் தயக்கம் உண்டு. ஆனால் தொழில்முறை வழக்கறிஞரான சூல் அந்த ரகசியத்தை வீணாக்கவில்லை. முகமூடி அணிந்தவர் தன் பெயரைச் சொல்லாமல் நீதிமன்றத்தில் சாட்சி சொல்லலாமா என்ற வழக்கை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோன கதை, அவரைத் தவிர வேறு எவரும் எழுதியிருக்க இயலாதது.

குறையை உரியவரிடம் வையுங்கள்

பிடிக்காத ஒரு முடிவைக் கண்டவுடன் எழுத்தாளரைக் கடிந்துகொள்வது எளிது. பல பெரிய முடிவுகள் எடிட்டர்களிடமிருந்தும் பதிப்பகத்தின் தலைமையிடமிருந்தும் வருகின்றன. 2007இல் ஸ்பைடர்மேனின் திருமணம் கதையிலிருந்தே அழிக்கப்பட்டபோது, எழுத்தாளரான ஜே. மைக்கேல் ஸ்ட்ராஸின்ஸ்கி அந்தக் கதை முடிக்கப்பட்ட விதத்தில் தனக்கு உடன்பாடில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். அதை வரைந்தவர் அப்போதைய தலைமை எடிட்டர் ஜோ கெசாடா. 2008 தொடக்கத்தில் மாதம் மூன்று இதழ்கள் என்ற வேகத்தில் பொறுப்பேற்ற பல எழுத்தாளர்கள் கொண்ட குழு, தான் எடுக்காத முடிவின் சுமையோடுதான் வேலையைத் தொடங்க வேண்டியிருந்தது. அந்த இதழ்களை வாசிக்கும்போது, முடிவைப் பற்றிய கோபத்தையும் அதற்குப் பின் செய்யப்பட்ட வேலையைப் பற்றிய மதிப்பீட்டையும் தனித்தனியே வைத்துக்கொள்வதுதான் நியாயம். கருத்தைப் பகிரும்போது எந்தப் பக்கம், எந்தக் காட்சி, ஏன் பொருந்தவில்லை என்று குறிப்பிட்டுச் சொல்லுங்கள்; படைப்பாளிகளைத் தனிப்பட்ட முறையில் தாக்குவது எந்தத் தொடரையும் காப்பாற்றியதில்லை.

ஆறு இதழ்களுக்குப் பிறகும் மனம் ஒட்டவில்லையென்றால் நிறுத்திக்கொள்வதில் தவறில்லை. நிறைவுபெற்ற தொகுப்பாகச் சில ஆண்டுகள் கழித்து வாசிக்கும்போது, ஒப்பீட்டின் சுமை குறைந்து கதை தன் சொந்த நிறத்தில் தெரியும். மில்லரும் டேவிட் மாஸுகெல்லியும் 1986இல் டேர்டெவிலில் படைத்த கதைக்குப் பிறகு எதைச் செய்தாலும் எடுபடாது என்ற நிலையில் பொறுப்பேற்றவர் ஆன் நொசென்டி. டைஃபாய்டு மேரி என்ற வில்லியை உருவாக்கியவர் அவர். ஜான் ரொமீட்டா ஜூனியரோடு சேர்ந்து நாயகனை நியூயார்க்கை விட்டே வெளியே அழைத்துச் சென்றவர். முன்னவரின் நிழலை மறந்துவிட்டு வாசித்தால்தான் அந்த இதழ்களின் துணிவு புரியும்.

இந்த முறையைப் பழகிப்பார்க்க விரும்புபவர்கள் 1998இல் தொடங்கிய டேர்டெவில் வரிசையின் 76 முதல் 87 வரையுள்ள இதழ்களை எடுத்துக்கொள்ளலாம். 81ஆம் இதழ் வரை பெண்டிஸும் மாலீவும், அதற்குப் பிறகு புரூபேக்கரும் லார்க்கும். தனி இதழ்கள் நம் ஊர்களில் கிடைப்பது அரிது. தொகுப்பு நூல்களாகவோ, மார்வெல் அன்லிமிடெட் என்ற இணைய வாசிப்புச் சேவையின் சந்தா வழியாகவோ வாசிக்கலாம், அச்சில் வரும் புதிய இதழ்களும் அதில் ஏறக்குறைய மூன்று மாதம் கழித்துச் சேர்க்கப்படுகின்றன. 81ஆம் இதழை முடித்ததும் ஒருநாள் நிறுத்தி, நாயகனின் நிலை குறித்த அந்த நான்கு குறிப்புகளையும் எழுதிக்கொண்டு, பிறகு 82ஆம் இதழைத் திறவுங்கள். இன்னும் கடினமான பயிற்சி வேண்டுமென்றால் வெய்ட்டின் கடைசி நான்கைந்து இதழ்களையும் சூலின் முதல் ஐந்து இதழ்களையும் அடுத்தடுத்து வாசித்து, ரகசியம் எப்படித் திரும்பியிருக்கும் என்று நீங்களே ஒரு விடையை எழுதிவைத்த பின்பு 17ஆம் இதழுக்குப் போகலாம்.